கட்டுப்பாடு யார் மேல்?

(தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மத அடிப்படைவாதம் இயல்பிலேயே ஆபத்தானதா, இல்லை அது வேறு தீவிரவாதம் வேறா? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. சென்னையில் ஏதோ ஒரு குளிரூட்டிய அரங்கில் இதைப் பேசியிருந்தால் நான் புத்தகங்களிலிருந்து தொடங்கியிருப்பேன். தென்காசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படித் தொடங்க முடியாது. இங்கே நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் 2006 முதல் 2008 வரைக்குமான நாட்கள் நினைவிருக்கும். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வியாபாரம் செய்த நாட்கள் அவை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வீடு வந்து சேரும்வரை தாய் வாசலை விட்டு நகராத நாட்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர்களைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் நம்மோடு ஒரே சந்தையில் காய்கறி வாங்குகின்றன. 2006 டிசம்பரில் தென்காசியில் இந்து முன்னணிப் பொறுப்பாளர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பழி, அந்தப் பழிக்குப் பழி என்று நீண்டு, 2007 ஆகஸ்ட் 14 அன்று ஒரே நாளில் ஆறு உயிர்கள் போயின. இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. மறுநாள் நாடு சுதந்திர தினம் கொண்டாடியது. நம் ஊர் அடக்கத்துக்கும் தகனத்துக்கும் ஆள் திரட்டிக்கொண்டிருந்தது. 2008 ஜனவரி 24 அன்று தென்காசி ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பேருந்து நிலையப் பகுதியிலும் குண்டுகள் வெடித்தன. எல்லோருடைய சந்தேகமும் ஒரே பக்கம் திரும்பியது. சில நாட்களில் காவல்துறை கைது செய்ததோ இந்து அமைப்புகளைச் சார்ந்தவர்களை. இந்துக்களைத் தூண்டிவிடுவதற்காகவே குண்டு வைக்கப்பட்டது என்று காவல்துறை அறிவித்தது.

இந்தக் கதையில் மதம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொடியில் இருக்கிறது, கோஷத்தில் இருக்கிறது, சுவரொட்டியில் இருக்கிறது. ஆனால் எந்த வசனத்துக்கு என்ன பொருள், எந்த வழிபாடு சரி, எது பிழை என்று யாரும் அடித்துக்கொள்ளவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் கட்டுமானத்தை ஒட்டிய தகராறு இருந்தது. அமைப்புகளுக்குள் யார் பெரியவர் என்ற போட்டி இருந்தது. அண்ணனைக் கொன்றவனைத் தம்பி விடக்கூடாது என்ற, நம் பக்கத்தில் மதங்களுக்கெல்லாம் மூத்த, ரத்தப் பழி இருந்தது. வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிற ஆள் இல்லாமலேயே மதக் கொலை நடக்கும் என்பதற்குத் தென்காசியே சாட்சி.

இனி எதிர்ப்பக்கம் வருவோம். எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்கள் யார், அவர்கள் என்ன செய்கிறார்கள்?

அடிப்படைவாதிகள் என்ற பெயரைத் தங்களுக்கு முதலில் வைத்துக்கொண்டவர்கள் அமெரிக்கப் புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்த ஸ்டூவர்ட் சகோதரர்களின் செலவில் 1910 முதல் 1915 வரை பன்னிரண்டு தொகுதிகள் அச்சாகி, போதகர்களுக்கெல்லாம் இலவசமாகப் போயின. விவிலியத்தில் பிழை கிடையாது, இயேசு கன்னி மரியாளுக்குப் பிறந்ததும் உயிர்த்தெழுந்ததும் நடந்த உண்மை, இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை என்பது அவற்றின் சாரம். 1920இல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பத்திரிகை ஆசிரியர், இந்த அடிப்படைகளுக்காக வாதாடுகிறவர்களை அடிப்படைவாதிகள் என்று பாராட்டாகவே எழுதினார். பிறகு அந்தப் பெயர் எல்லா மதத்துக்கும் பரவியது, வசைச்சொல்லாகவும் ஆனது. மதத்தைக் கூட்டாமல் குறைக்காமல் மூல நூலின்படியே பிடிப்பது, பின்னால் வந்து சேர்ந்த வழக்கங்களைக் களைவது, உண்பது உடுப்பது முதல் கல்யாணம் கருமாதி வரைக்கும் அந்த விதிப்படியே நடப்பது. அடிப்படைவாதம் என்பதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். கடையம் போகிற வழியில் பொட்டல்புதூர் இருக்கிறது. முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். கோயில் மண்டபத்துக்குள் நுழைவதுபோல் கல்தூண் வரிசை. பொட்டு வைத்த பெண்கள் நேர்ச்சைக்கு வருகிறார்கள், பக்கத்திலேயே தட்டமிட்ட பெண்கள் நிற்கிறார்கள். கந்தூரி என்றால் ஊரே கூடுகிறது. இதைப் பார்த்து மனம் குளிராதவர் குறைவு. ஆனால் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் இதைக் கடுமையாக மறுப்பார். இறந்தவரிடம் கேட்பது இறைவனுக்கு இணை வைப்பது, சந்தனக்கூடும் கொடியேற்றமும் மார்க்கத்தில் இல்லை என்பார். 2004இல் தொடங்கிய அந்த அமைப்பு தமிழக முஸ்லிம் வீடுகளுக்குள் பெரிய வாக்குவாதத்தைக் கொண்டுவந்தது. தகப்பனார் தர்காவுக்குப் போவார், மகன் தனிப் பள்ளியில் தொழுவான். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளும் உண்டு.

இவர்கள் அடிப்படைவாதிகளா என்றால், நான் சொன்ன பொருளில் ஆமாம். சரி, அந்தப் பிடிவாதத்தோடு அவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்? வரதட்சணை வாங்கும் திருமணத்துக்குப் போவதில்லை என்று நிற்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ரத்தம் தேவைப்படும்போது, மதம் பார்க்காமல் வந்து கை நீட்டுவதில் பெயர் பெற்றவர்கள் அவர்கள்தான். தெற்கு மாவட்டங்களில் வெள்ளை உடை உடுத்தி, ஒரு குண்டுமணித் தங்கம்கூட அணியாத பெந்தெகொஸ்தே சபையாரைப் பார்த்திருப்பீர்கள். கோயில் பிரசாதம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், சினிமாவுக்குப் போக மாட்டார்கள், பொய்க்கணக்கும் எழுத மாட்டார்கள். வட்டி வாங்காத கடைக்காரர், வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரக்காரப் பெரியவர் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது உண்டு. இவர்களோடு நமக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பயப்பட என்ன இருக்கிறது?

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகப் போனால் கேரளம். அங்கே நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

யெகோவா சாட்சிகள் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அவர்கள் கொடியை வணங்க மாட்டார்கள், தேசிய கீதம் பாட மாட்டார்கள், எந்த நாட்டிலும் ராணுவத்தில் சேர மாட்டார்கள். 1985இல் கோட்டயம் மாவட்டத்தில் அந்தப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார். மனச்சாட்சியால் ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதும், அடுத்தவரை அவமதிப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தியச் சட்டம் அன்றைக்கு ஏற்றுக்கொண்டது.

முப்பத்தேழு வருடம் கழித்து, 2023 அக்டோபர் 29 அன்று, கொச்சிக்குப் பக்கத்தில் களமசேரியில் அதே யெகோவா சாட்சிகளின் மாநாட்டு அரங்கில் குண்டு வெடித்தது. ஜெபத்துக்காகக் கண்ணை மூடியிருந்தவர்கள் கருகினார்கள். பொறுப்பேற்றுக் காவல் நிலையத்தில் சரணடைந்தவர் முன்பு அதே சபையில் இருந்தவர். அவர்களுடைய போதனை தேசத்துக்கு விரோதமானது, திருத்தச் சொல்லியும் திருந்தவில்லை என்று காணொளியில் காரணம் சொன்னார். உலகத்திலேயே விடாப்பிடியான நம்பிக்கை கொண்ட பிரிவுகளில் ஒன்று அந்த அரங்கில் அடிபட்டு விழுந்தது. குண்டு வைத்ததாக ஒப்புக்கொண்டவர் அந்த நம்பிக்கையை எதிர்ப்பவர். அடிப்படைவாதியைக் கண்டால் குண்டைத் தேடு என்ற சூத்திரம் களமசேரியில் தலைகீழாகிப் போனது.

இன்னொரு சூத்திரமும் தவறு. தர்கா, சூஃபி மரபு என்றால் மென்மை, அதற்கு எதிரான மரபு என்றால் வன்மை என்று நாமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். பாகிஸ்தானில் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4 அன்று சுட்டுக்கொன்ற மெய்க்காவலர், தர்காக்களைப் போற்றும் பரேல்வி மரபில் வந்தவர். மதநிந்தனைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட ஒரு ஏழைக் கிறிஸ்தவப் பெண்ணுக்காக ஆளுநர் பேசினார் என்பதே காரணம். எந்தப் பிரிவு என்பதை வைத்து யார் கொல்வார் என்று கணக்கிட முடியாது.

இவ்வளவு தூரம் கேட்டுவிட்டு, அப்படியானால் அடிப்படைவாதம் சாதுவான பசு, கட்டாமலே விடலாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். குண்டு வெடிக்காதவரை எல்லாம் சரி என்பது என் கட்சி அல்ல. 1939ஆம் வருடத்து மதுரையைப் பாருங்கள்.

ஜூலை 8ஆம் தேதி, வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரையும் நாடார் சமூகத்தாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். சனாதனப் பிடிப்புள்ளவர்கள் கொதித்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, அம்மன் அங்கே இல்லை என்று சொல்லி, தனியார் இடத்தில் வேறாக ஒரு மீனாட்சியை வைத்து வழிபட்டார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். அவர்கள் தனியாகக் கும்பிட்டதில் எனக்குக் கோபமில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகளில் அவர்களுடைய ஆசாரம் என்ன செய்தது? தன் மடியைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியது. கத்தியில்லை, ரத்தமில்லை, குண்டில்லை. ஆனாலும் அதைவிட நீண்ட வன்முறை தமிழ் மண்ணில் நடந்ததில்லை.

ஆக, ஒருவருடைய நம்பிக்கை எவ்வளவு இறுக்கமானது என்று அளப்பதில் பயனில்லை. அவர் கையில் ஆயுதம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வியை: அந்த விதி யார் மேல் விழுகிறது? நான் மாமிசம் தொட மாட்டேன் என்பது என் மேல் விழும் விதி. நீ சாப்பிடக்கூடாது என்று உன் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பது உன் மேல் விழும் விதி. நான் தர்காவுக்குப் போக மாட்டேன் என்பது ஒன்று. தர்காவுக்குப் போகிறவனை அடிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை போடுகிறார்கள் இல்லையா, அதுபோல எவர் கண்ணுக்கும் தெரிகிற கோடு அது.

இந்தக் கோடு வீட்டுக்குள்ளும் ஓடுகிறது. மகள் மேல் படிக்கக்கூடாது என்று தகப்பன் வேதத்தைக் காட்டினால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டும் ஜெபம் போதும் என்று மருந்தைத் தடுத்தால், நம்பிக்கையை விட்டு வெளியேறியவனை உறவே ஒதுக்கி வைத்தால், கோடு தாண்டியாயிற்று. கோவையில் 2017 மார்ச் 16 அன்று ஃபாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர், கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கைதானவர்கள் அவர் பிறந்த மதத்தைச் சேர்ந்தவர்கள். மூடநம்பிக்கையை எதிர்த்த தபோல்கர் புனேயில் 2013இல், அறிஞர் கல்புர்கி தார்வாடில் 2015இல், பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் பெங்களூரில் 2017இல் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த வழக்குகளில் விசாரணை இந்துத்துவ அமைப்புகளோடு தொடர்புள்ளவர்களை நோக்கிப் போனது. மதம் வேறு, ஊர் வேறு. கொன்றவனின் நினைப்பு ஒன்றே: நான் நம்புவதை நீ மறுத்தால் உனக்கு உயிர் வாழ உரிமையில்லை.

நம்பிக்கை எப்படிப் படிப்படியாக அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்பதைத் தமிழ் பேசும் ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே, காத்தான்குடி. நெருக்கமான முஸ்லிம் ஊர். நெடுஞ்சாலை நடுவே பேரீச்ச மரங்கள் நட்டு வைத்திருப்பார்கள்.

அந்தக் கதைக்கு முன் அதே ஊரின் இன்னொரு கதை. 1990 ஆகஸ்ட் 3 இரவு. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் இஷா தொழுகை. குனிந்து சுஜூதில் இருந்தவர்களைப் பின்னால் நின்று சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். சுட்டவர்கள் விடுதலைப் புலிகள் என்பதில் அந்த ஊருக்குச் சந்தேகமில்லை. அந்த இயக்கம் மத இயக்கம் அல்ல. அதில் இந்துக்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இனத்தின் பெயரால், தங்கள் நிலத்தின் பெயரால், தொழுதுகொண்டிருந்த அயலானைக் கொன்றார்கள். தமிழர்களாகிய நாம் இதை முகம் திருப்பாமல் பார்க்க வேண்டும். தீவிரவாதத்துக்கு மதநூல் கட்டாயமில்லை என்பதை நம் மொழியிலேயே ரத்தத்தால் எழுதியிருக்கிறார்கள்.

அதே காத்தான்குடியில் வளர்ந்தவர் சஹ்ரான் ஹாசிம். மதரஸாவில் ஆசிரியர்களோடு ஓயாமல் தர்க்கம் செய்து, படிப்பு முடியாமலே வெளியேற்றப்பட்டவர். பேச்சு வன்மை உள்ளவர். பேச்செல்லாம் தமிழ். முதலில் அவர் எதிர்த்தது கிறிஸ்தவர்களையோ பௌத்தர்களையோ அல்ல, தன் ஊர் சூஃபிகளை. ஒலிபெருக்கி வைத்துப் பழித்தார். அதுவரை அது மார்க்க விவாதம். பிறகு விவாதம் போய் மிரட்டல் வந்தது. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவர் ஆட்கள் சூஃபிகளோடு மோதியதில் ரத்தம் சிந்தியது. காவல்துறை தேடத் தொடங்க, சஹ்ரான் தலைமறைவானார். மறைவிலிருந்து வந்த காணொளிகளில் எதிரிப் பட்டியல் நீண்டது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஓட்டல்கள் என்று சஹ்ரானும் அவர் ஆட்களும் குண்டுகளை வெடிக்கச் செய்தார்கள். 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர்.

இந்தப் பாதையில் எந்த இடத்தில் நிறுத்தியிருக்க முடியும்? தர்கா கூடாது என்று பேசியபோது அல்ல. அதே கொள்கையைப் பேசும் ஆயிரக்கணக்கானோர் எறும்பைக்கூட மிதிக்காதவர்கள். அலியார் சந்தியில் அடுத்தவன் மேல் கை ஓங்கியபோது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள். காத்தான்குடி முஸ்லிம்களே முறையிட்டார்கள், கொழும்பில் முஸ்லிம் பிரமுகர்கள் உளவுத்துறையிடம் எச்சரித்தார்கள். ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்தும் எச்சரிக்கை போனது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அந்த அலட்சியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குண்டு வெடித்து ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதுவில் ஒரு வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மேல் அக்கம்பக்கத்து முஸ்லிம்களுக்குச் சந்தேகம் வந்தது. யார் நீங்கள் என்று கேட்டார்கள். பதில் சரியில்லை. காவல்துறைக்குச் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் சஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும். பெண்டு பிள்ளைகளோடு வெடித்துச் சிதறினார்கள். அன்றைக்கு இன்னொரு பெரிய சாவைத் தடுத்தவர்கள் ஐந்து வேளை தொழுகிற, தாடி வைத்த, பர்தா போட்ட அந்தத் தெரு மக்கள். ஆனால் அடுத்த மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் கும்பல் கொளுத்தியதும் இப்படிப்பட்ட மக்களின் கடைகளைத்தான். கடும் நம்பிக்கையாளர் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே போதும். யார் நமக்கு முன்கூட்டியே சொல்லக்கூடியவரோ அவரையே நாம் எதிரியாக்கிக் கொள்கிறோம்.

இப்படி மூட்டை கட்டுவதில் நம் மாவட்டத்துக்கும் அனுபவம் உண்டு. செங்கோட்டைப் பக்கத்து மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று, தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த சுமார் 180 குடும்பங்கள் ஒன்றாக இஸ்லாத்தில் சேர்ந்தன. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. வாஜ்பாய் வந்தார், டில்லி அமைச்சர்கள் வந்தார்கள். வளைகுடாப் பணம், மத வெறியர்களின் சதி என்று பத்திரிகைகள் எழுதின. மாறியவர்கள் தங்கள் வாயால் சொன்னது வேறு. டீக்கடையில் தனிக் குவளை, தோளில் துண்டு போடத் தடை, கொலை வழக்கு ஒன்றின் பெயரில் காவல்துறை அடி, தலைமுறை தலைமுறையாக ஆதிக்க சாதியின் மிரட்டல். அடிப்படைவாதம் என்று ஒரு முத்திரையைக் குத்தியதும் சாதி என்ற காரணம் மறைந்துபோனது. அடிபட்டவன் ஏன் ஓடினான் என்று கேட்பதைவிட, எங்கே ஓடினான் என்று கேட்பது நாட்டுக்கு எளிதாக இருந்தது. அங்கே மனிதர்கள் மேல் பலவந்தமாக விழுந்த விதி சாதியின் விதி. நான் சொன்ன அந்த ஒரே கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் விரல் சரியான திசையில் நீண்டிருக்கும்.

மதச் சண்டை ஏதோ வெளியிலிருந்து வந்து நம்மைத் தொற்றியது என்று சொல்வாரும் உண்டு. நம் தலபுராணங்கள் அப்படிச் சொல்லவில்லை. குற்றாலநாதர் கோயில் முதலில் திருமால் கோயில், சைவர் என்பதால் அகத்தியரை உள்ளே விடவில்லை, அவர் வைணவக் கோலத்தில் நுழைந்து திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது குற்றாலத்தின் கதை. புராணம்தான், ஆனாலும் உள்ளே விடாத கோபமும் ஆக்கிரமித்த வெற்றியும் அதில் பதிந்திருக்கின்றன. அதே மாவட்டத்தில் சங்கரன்கோவிலின் கதையோ வேறு. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று மோதுகிறார்கள். கோமதி அம்மன் தவமிருக்க, பாதி சிவன் பாதி திருமாலாகச் சங்கரநாராயணர் தோன்றுகிறார். ஆடித்தபசுக்கு லட்சம் பேர் கூடுவது அந்தக் காட்சியைக் காணத்தான். குற்றாலத்தின் கதையையும் சங்கரன்கோவிலின் கதையையும் சொல்லி வைத்தவர்கள் ஒரே மக்கள். இரண்டு குணமும் நம்மிடம் இருக்கிறது.

சங்கரன்கோவிலையும் பொட்டல்புதூரையும் கொண்டாடுகிறவன் நான். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. கலந்து கும்பிடுகிறவன் நல்லவன், கலக்காதவன் ஆபத்தானவன் என்ற முடிவுக்கு நான் வர மாட்டேன். தன் இறைவனைத் தவிர வேறு யாரையும் வணங்க மாட்டேன் என்று நிற்பவனுக்கும் இந்த மாவட்டத்தில் சம உரிமை உண்டு. பிரசாதத்தை மறுக்கிற அயலாரைச் சங்கடமில்லாமல் ஏற்றுக்கொள்கிற ஊர்தான் உண்மையில் நல்லிணக்கமுள்ள ஊர். என்னைப் போலவே நீயும் தாராளமாக இரு என்று வற்புறுத்துவதும் அடுத்தவன் மேல் போடுகிற கட்டுப்பாடுதான்.

சரி, நாம் என்ன செய்வது? பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். பிள்ளை திடீரென்று நிறையத் தொழுகிறான், மாலை போடுகிறான், வேதாகமத்தைக் கையோடு வைத்திருக்கிறான் என்பதைக் கண்டு பதறாதீர்கள். தங்கை என்ன உடுத்த வேண்டும் என்று அவன் கட்டளையிடத் தொடங்கினால் கவனியுங்கள். வேறு மதத்துக் கூட்டாளியோடு பேசுவதை நிறுத்தினால், அந்த மதத்துக்காரர்களையெல்லாம் சேர்த்து ஒரே வசையில் சொன்னால், கடவுள் கொடுக்க வேண்டிய தண்டனையைத் தானே கொடுக்கலாம் என்று பேசினால், அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். கைப்பேசியில் அவன் யார் பேச்சைக் கேட்கிறான் என்று பாருங்கள்.

கோயில் கமிட்டிக்கும் ஜமாஅத்துக்கும் சபைக்கும் சொல்கிறேன். உங்கள் ஆள் கோட்டைத் தாண்டினால் முதல் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில், கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் வாசலில் கார் வெடித்து, அதை ஓட்டிவந்த முஸ்லிம் இளைஞர் இறந்தார். 1998 பிப்ரவரி 14இல் தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களைப் பறிகொடுத்த நகரம் அது. அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த கலவரத்தில் முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்ட நகரமும் அதுதான். மறுபடி ஒரு தீ பற்றியிருக்கலாம். அந்தப் பகுதி ஜமாஅத்தார் கோயிலுக்கே நேரில் போனார்கள். கோயிலார் அவர்களை வரவேற்று மரியாதை செய்தார்கள். ஜமாஅத்தார் யாரும் தங்கள் மார்க்கத்தில் ஒரு நூலிழை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் கோயிலுக்குள் வந்தது கும்பிட அல்ல, பக்கத்தில் நிற்க. ஊர் அமைதியாக இருந்தது.

காவல்துறைக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியது இது. தாடியையும் குங்குமத்தையும் சிலுவையையும் உளவு பார்த்துப் பயனில்லை. கை ஓங்கியவன் யார், மிரட்டியவன் யார், ஊர்விலக்கு வைத்தவன் யார் என்று பாருங்கள். முதல் அடிக்கே வழக்குப் போடுங்கள். இந்த மாவட்டத்தில் 2006இல் விழுந்த முதல் வெட்டுக்கு உடனே, நடுநிலையாக, எல்லோரும் நம்பும்படி நீதி கிடைத்திருந்தால், 2007 ஆகஸ்டில் அந்த ஆறு பேர் உயிரோடு இருந்திருக்கக்கூடும்.

ஆகவே எனக்குக் கொடுத்த கேள்விக்கு என் பதில்: அடிப்படைவாதமும் தீவிரவாதமும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாதை உண்டு, ஆனால் அதில் போகிறவர்கள் மிகச் சிலர். தீவிரவாதத்துக்கு இனம், சாதி, நிலம், பழி என்று வேறு பல வாசல்களும் உண்டு. நம்பிக்கையின் ஆழத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். ஒருவர் தன் விதியைத் தன் மேல் போட்டுக்கொண்டால் வழிவிடுங்கள், மரியாதை கொடுங்கள். அதையே அடுத்தவர் மேல் போட்டால், அது எந்த மதமானாலும், போடுகிறவர் நம் சொந்தக்காரரே ஆனாலும், எழுந்து நின்று கூடாது என்று சொல்லுங்கள். அதை முதலில் சொல்ல வேண்டியவர் அவருடைய மதத்தைச் சேர்ந்தவர்தான். அவர் சொன்னால் எடுபடுவதுபோல் வேறு யார் சொன்னாலும் எடுபடாது.